பங்கு பிரிப்பில் யாரும் கேட்காத அலமாரி

புதுச்சேரியில் பூர்வீக வீட்டைப் பாகம் பிரிக்க உட்கார்ந்திருக்கும் குடும்பத்தாருக்கு,



உங்களில் சிலருடைய வீடு வாய்க்காலுக்கு மேற்கே, வைசியாள் வீதியிலோ பெருமாள் கோயில் வீதியிலோ, திண்ணையும் முற்றமுமாக நிற்கிறது. சிலருடையது கிழக்கே, துய்மா வீதிப் பக்கமோ ரோமன் ரோலண்ட் வீதிப் பக்கமோ, உயர்ந்த மதிலும் பெரிய மரக்கதவுமாக. வீட்டில்தான் ஆள் இல்லை. அண்ணன் பாரீஸில், அக்கா லாஸ்பேட்டையில் மூன்றாவது மாடியில், தம்பி பெங்களூரில். வீட்டைக் காத்துக்கொண்டு சித்தப்பா மட்டும் இங்கே. பத்திரப்பதிவு நாள் நெருங்க நெருங்க எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு, சதுர அடி. நகை முன்பே பிரிந்தாயிற்று. ஊஞ்சல் தனக்கு வேண்டும் என்று ஒருவர் சொல்லி வைத்திருக்கிறார். தஞ்சாவூர்ப் படத்துக்கு இரண்டு பேர் போட்டி. சாப்பாட்டுக் கூடத்தில் சுவரோரமாக, இடுப்பு உயரத்தில் கிடக்கிற அந்த நீள அலமாரியை மட்டும் யாரும் கேட்பதில்லை. கடைசி நாளில் ஜன்னல், நிலை, உத்திரத்தோடு அதுவும் லாரியில் ஏறிவிடுகிறது.

அது ஏறுவதற்கு முன்னால் உங்களிடம் சில வார்த்தை பேச வேண்டும் என்றுதான் இந்த மடல்.

எதைச் சொல்கிறேன் என்பதில் குழப்பம் வேண்டாம். ஐந்தடி முதல் ஏழடி வரை நீளம், ஏறக்குறைய மூன்றடி உயரம், ஒன்றரை அடி அல்லது கொஞ்சம் கூட ஆழம். மேலே ஒரு வரிசை இழுப்பறை, கீழே மூன்று நான்கு கதவு. தலையில் ஒரே அகலப் பலகை, அல்லது பளிங்குக் கல். சிலவற்றுக்குப் பின்னால் கண்ணாடி பதித்த முதுகு நிமிர்ந்து நிற்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழம்பொருள் விற்கிறவர்கள் இதைக் கிரெடென்சா என்பார்கள், சைட்போர்டு என்பார்கள். பிரெஞ்சு புழங்கிய வீட்டில் புஃபே. உங்கள் பாட்டிக்கு அது வெறும் தட்டு பீரோவாக இருந்திருக்கலாம். அலுவலகச் சாமான் விற்கிற கடையில் கிரெடென்சா கேட்டால் மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் போடுகிற பலகைப்பெட்டி ஒன்றைக் காட்டுவார்கள். அது இதன் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான்.

தரையில் இலை போட்டு, அடுக்களையிலிருந்து நேரே கொண்டுவந்து பரிமாறுகிற வீட்டில் இந்தச் சாமானுக்கு வேலையே இல்லை. மேசை நாற்காலி போட்டுச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான், அடுத்து வரவேண்டிய தட்டை இறக்கி வைக்கவும், மேசைத்துணியை மடித்து வைக்கவும், வெள்ளிக் கரண்டிகளைப் பூட்டி வைக்கவும் கைக்கெட்டும் உயரத்தில் ஒன்று தேவைப்படும். இத்தாலியப் பிரபுக்களின் மாளிகைகளில் 16ஆம் நூற்றாண்டிலேயே இது இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் நடுத்தரக் குடும்பத்தின் சாப்பாட்டறைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அங்கிருந்து இங்கே வர அலமாரியே கப்பலேற வேண்டியதில்லை. வடிவம் வந்தால் போதும். தேக்கு, ஈட்டி, பலா என்று மரம் இங்கே இருந்தது. உளி பிடிக்கிற கையும் இருந்தது.

ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டைப் பார்த்தவர்களுக்கு மற்றது விளங்கும். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக இருந்தவர், 1736இல் தொடங்கிச் சாகிற வரைக்கும் நாட்குறிப்பு எழுதியவர். அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் முற்றத்தைச் சுற்றிச் செதுக்கிய மரத்தூண்கள், மேல்தளத்தில் ஐரோப்பியப் பாணித் தூண்கள். துரைமாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த குடும்பங்கள் இரண்டு விதமான வாழ்க்கைக்கும் ஒரே கூரையின் கீழ் இடம் ஒதுக்கின. அடுக்களைப் பக்கம் அம்மியும் உறியும். வாசல் பக்கத்து அறையில் மேசை, நாற்காலி, இந்த அலமாரி. தமிழ்ப் பகுதி வீட்டில் இது இருக்கிறதென்றால், அந்தக் குடும்பம் எப்போதோ மேசை போட்டு விருந்து வைத்திருக்கிறது என்று பொருள். உங்கள் வீட்டில் யாருக்காக வைத்தார்கள் என்று சித்தப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும். அவருக்குப் பிறகு யாருக்கும் தெரியாது.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். “துய்ப்ளேக்ஸ் காலத்துச் சாமான்” என்று எவராவது ஒன்றைக் காட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். 1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது. கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் அவர்கள் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிள்ளை இறந்ததும் அதே மாதம், ஊர் விழுவதற்குச் சில நாள் முன்பு. பிரெஞ்சுக்காரர்கள் 1765இல் திரும்பிவந்து மறுபடி கட்டினார்கள். அதற்குப் பிறகும் ஊர் கைமாறிக்கொண்டே இருந்து, 1816இல்தான் அவர்களிடம் நிலைத்தது. ஆகவே நம் வீடுகளில் மிச்சமிருப்பவற்றில் பெரும்பகுதி 1816க்குப் பிந்தியது, அதிலும் 1870க்குப் பிறகு செய்ததுதான் அதிகம் என்பது என் கணிப்பு. அதில் குறைவு ஒன்றுமில்லை. நூற்றைம்பது வருடம் உப்புக்காற்றைத் தாங்கி நின்ற கதவு இன்னும் ஒட்டாமல் திறக்கிறது என்றால் அதற்கு எந்த கவர்னரின் சிபாரிசும் வேண்டாம்.

வயதை மேலேற்றிச் சொல்வது வியாபாரிகளின் பழக்கம் மட்டுமில்லை. 17ஆம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையில் கருங்காலியில் நெருக்கமாகச் செதுக்கிய நாற்காலிகள் ஐரோப்பாவுக்குப் போயின. நூறு வருடம் கழித்து ஹோரஸ் வால்போல் என்கிற ஆங்கிலப் பிரபு அவற்றைத் தங்கள் நாட்டு ட்யூடர் அரசர் காலத்துப் பொருளென்று நம்பி, ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் வாங்கி அடுக்கினார். பார்த்தவர்களும் வெகுகாலம் அப்படியே நம்பினார்கள்.

1954 நவம்பர் 1ஆம் தேதி ஊரின் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். அந்த ஆறு மாதத்தில் ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரராகவும் தம்பி இந்தியராகவும் ஆன கதை உங்களில் பலருக்குச் சொந்தக் கதை. புறப்பட்டவர்கள் பெட்டியைக் கொண்டுபோனார்கள். ஏழடித் தேக்கை யார் கொண்டுபோவது? அது சுவரோரம் நின்றது. மேலே தொலைக்காட்சி வந்தது, பிறகு பழைய தினசரிகள் வந்தன, பிறகு யாரும் திறக்கவில்லை.

இனி, ஏன் இதை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன் என்பதற்கு வருகிறேன். பாசத்துக்காகச் சொல்லவில்லை. பழைய வீட்டுச் சாமான்களில் இன்றைய வீட்டுக்குள் நுழைந்து உண்மையாக வேலை செய்யக்கூடியது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். நான்கு கால் மண்டபம்போல நிற்கிற பழங்கட்டிலை ரெயின்போ நகர் அடுக்ககத்தின் படுக்கையறையில் போட்டால் மனிதர் நடக்க வழியிருக்காது. ஊஞ்சலைக் கேட்டவர், கான்கிரீட் தளத்தில் கொக்கி போட அடுக்ககச் சங்கம் விடுமா என்று பார்த்துக்கொள்ளட்டும். ஆளுயர பீரோ ஜன்னலை மறைக்கும், பத்தடிக் கூரையின் கீழ் அறையையே அமுக்கும். நீள அலமாரி இடுப்போடு நின்றுவிடுகிறது. மேலே சுவர் காலியாக இருப்பதால் அறை சுருங்குவதில்லை. ஆழம் இரண்டடிக்கும் குறைவு என்பதால் நிறுத்திப் பிடித்தால் வாசற்கதவில் நுழைந்துவிடும். லிப்டில் நுழையுமா, படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்புமா என்பதை மட்டும் முன்கூட்டி அளந்துகொள்ளுங்கள். பல அலமாரிகள் இரண்டு மூன்று உருப்படியாகக் கழலும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன. தலைப்பலகையை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள், அடியில் மரமுளை தெரியும். பளிங்கு என்றால் அது வெறும் பாரத்தில்தான் உட்கார்ந்திருக்கும். அதைத் தனியாக இறக்கி, படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்திக் கொண்டுபோக வேண்டும். படுக்கவைத்த பளிங்கு வேகத்தடையில் உடைந்துபோகும்.

உள்ளே என்ன வைப்பது? வருடத்தில் ஒன்பது நாள் வெளியே வந்து மற்ற நாளெல்லாம் பரணில் தூசி தின்னும் கொலு பொம்மைகள் இதன் கீழ்த்தட்டில் குனிந்தாலே எடுக்கும்படி அடங்கிவிடும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் குடில் சொரூபங்கள். பட்டா, பத்திரம், பாரீஸ் அண்ணனின் பென்ஷன் தாள்கள் எல்லாவற்றுக்கும் பூட்டு உள்ள இழுப்பறை. மேலே தொலைக்காட்சி நிற்கும். மோடத்தை உள்ளே வைத்தாலும் வைஃபை மரக்கதவைத் தாண்டி வரும். ஒயர் விடுவதற்காகப் பின்பலகையில் துளை போட மட்டும் ஆசாரியைக் கூப்பிடாதீர்கள். பின்பலகைகள் பெரும்பாலும் தனித்தனியாக ஆணியில் நிற்பவை. ஒன்றைக் கழற்றி அலமாரிக்குள்ளேயே பத்திரமாக வைத்துவிட்டால் ஒயருக்கும் வழி, காற்றுக்கும் வழி. நாளைக்கு வேண்டுமென்றால் திரும்ப அடித்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் இப்படியொரு அலமாரி கைக்கு வந்ததும் ஆண்களுக்குத் தோன்றுகிற முதல் யோசனை என்னவென்று எனக்குத் தெரியும். பாட்டில் அடுக்கத் தோதான உயரம்தான். ஆனால் பழைய பூச்சு அரக்கு. அரக்கு சாராயத்தில் கரையும். ஒரு துளி சிந்தி நின்றால் காலையில் வெள்ளையாக ஒரு வட்டம் இருக்கும். தாம்பாளம் வைத்துக்கொண்டு ஊற்றுங்கள்.

வீட்டிலிருப்பது உண்மையில் எந்தக் காலத்துப் பொருள் என்று தெரிந்துகொள்ள ஆசையிருந்தால், முன்பக்கத்தைப் பார்த்துப் பிரயோசனமில்லை. எல்லோருக்கும் காட்டச் செய்தது அந்தப் பக்கம். இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்துக் கவிழ்த்துப் போடுங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில், கழன்றுவராதபடி விசிறி வடிவில் விரிந்த பற்கள் கோத்திருக்கும். பற்கள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்டு, ஓரத்தில் உளிக்கு வழிகாட்டக் கீறிய கோடு தெரிந்தால் கையால் வெட்டியது. எல்லாம் அச்சடித்ததுபோல் ஒரே அளவென்றால் இயந்திரம். அடிப்பலகையில் விரலை ஓட்டுங்கள். இரண்டு பேர் மேலும் கீழும் நின்று இழுத்த வாள் நேர்க்கோடாக, ஒழுங்கில்லாத தடம் விடும். வட்ட ரம்பம் வில்போல வளைந்த தடம் விடும். இழுப்பறை ஓடுகிற சட்டம் நடுவில் தேய்ந்து பள்ளமாகியிருக்க வேண்டும். நூறு வருடம் இழுத்துத் தள்ளிய சட்டம் தேயாமல் இருக்காது. பின்முதுகு பிளைவுட்டாக இருந்தால், ஒன்று அலமாரி 20ஆம் நூற்றாண்டுப் பொருள், அல்லது முதுகு மாற்றப்பட்டிருக்கிறது. ஸ்க்ரூவில் கூட்டல் குறி இருந்தால் அந்த ஸ்க்ரூ 1930களுக்குப் பிந்தியது. பழைய வீட்டில் யாரோ ஒரு மாமா ஸ்க்ரூடிரைவரோடு சுற்றியிருப்பார் என்பதால் ஒரு ஸ்க்ரூவை வைத்து மொத்தத்தையும் தள்ளிவிட வேண்டாம். கைப்பிடிக்குப் பின்னால், கதவின் உட்புறத்தில், அடைத்த துளைகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். தெரிந்தால் இப்போதிருக்கும் கைப்பிடி முதல் கைப்பிடி இல்லை.

விற்கிற இடத்தில் போய் வாங்குகிறவர்களுக்கும் இதே சோதனைதான். இடித்த வீட்டின் பழைய கதவு இரண்டை முன்னால் மாட்டி, புதுத் தேக்கிலோ ரப்பர் மரத்திலோ உடம்பைச் செய்து, கறுப்புப் பாலிஷ் ஏற்றி நிறுத்துகிறார்கள். அப்படிச் செய்வது குற்றமில்லை. நல்ல வேலையாகவே இருக்கலாம். அதைப் பழசென்று சொல்லிப் பழைய விலை வாங்குவதுதான் குற்றம். முன்பக்கம் நூற்றாண்டுக் கறையும் உட்புறம் பால் போன்ற புது மரமுமாக இருந்தால் கேள்வி கேளுங்கள். பதில் சொல்கிற கடையில் வாங்குங்கள்.

விற்கத்தான் போகிறோம் என்கிறவர்களுக்கு இரண்டு ஊர்களைக் காட்டுகிறேன்.

முதல் ஊர் காரைக்குடி. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியுமாகக் கட்டிய வீடுகளுக்குத் தலைமுறைக்குத் தலைமுறை பங்காளிகள் பெருகினார்கள். ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது பேர் சொந்தக்காரர்கள். யாரும் தனியாகப் பராமரிக்க முடியாது, எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்கவும் முடியாது. கடைசியில் இடிப்பு. உள்ளே இருந்ததெல்லாம் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. இன்று அந்தத் தெருவில் நடந்தால் எனாமல் கூஜாவிலிருந்து நிலைக்கதவு வரை ஒரு சமூகத்தின் மொத்தக் குடித்தனமும் விலைச்சீட்டோடு நிற்கிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. ஏறும்போது எத்தனையோ வீடுகள் உள்ளே காலி.

இரண்டாவது சண்டிகர். அந்த நகரை வடிவமைத்த லெ கொர்புசியேயின் உறவினரும் கூட்டாளியுமான பியர் ழான்னரே, 1950களில் அங்கே அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேக்கும் பிரம்புமாக நாற்காலி, மேசை, அலமாரி வடிவமைத்தார். பிற்பாடு அவை பழசாகி மொட்டைமாடிகளில் குவிந்தன. அரசு அவற்றைக் கழிவுச் சாமானாக ஏலம் விட்டது. பாரீஸிலிருந்து வந்த வியாபாரிகள் வாங்கிப்போய், சீர்செய்து, ஐரோப்பிய, அமெரிக்க ஏல மாடங்களில் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் விற்பனைக்குத் தடை போட்டபோது பெரும் பங்கு கடல் கடந்துவிட்டது. நம் ஊர் அலமாரிக்கு அந்த விலை வரும் என்று ஆசை காட்டவில்லை. சண்டிகர் சாமானுக்கு ஒரு பெரிய கலைஞரின் பெயர் பின்னால் இருந்தது, நம்முடையதைச் செய்தவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. எடைக்குப் போட்டவர்களுக்கும் எடுத்துக்கொண்டவர்களுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் ஒரே ஒரு விஷயம்தான். எடுத்துக்கொண்டவர்களுக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது.

பாரீஸ் அண்ணன்மார்களுக்குத் தனியாக ஒன்று. அலமாரியை அங்கே கொண்டுபோகும் யோசனை இருந்தால், கப்பல் முகவரிடம் பேசுவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைப்பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு வருடத்துக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருள். அதைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. நூறு வருடத்துக்கு உட்பட்டதுதான் என்றால், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும். ஈட்டி மரமாக இருந்தால் இன்னொரு முடிச்சும் உண்டு. 2017இலிருந்து அந்த மர இனம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் குறித்த பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மொத்தத்தில், அலமாரி இந்த ஊரிலேயே ஒரு வீட்டில் இருப்பதுதான் எல்லோருக்கும் சுலபம். லாஸ்பேட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டு, ஊருக்கு வரும்போது அதன்மேல் காபி டம்ளரை வைத்துக்கொள்ளுங்கள். அடியில் துணி போட்டு வையுங்கள், சுடுபாத்திரமும் அரக்குக்கு ஆகாது.

எடுத்துக்கொள்ள முடிவு செய்தவர்கள் உடனே செய்யத் துடிப்பது சீரமைப்பு. கொஞ்சம் பொறுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பழைய நிறத்தையெல்லாம் உரித்து, மேலே பியூ (பாலியூரிதேன்) பூச்சு அடித்துக் கண்ணாடியாக்கிவிட்டால் அதன் பிறகு அது பழைய மரத்தில் செய்த புது அலமாரி. மரத்தின் அந்தக் கருஞ்சிவப்பு மேல்தோலில் மட்டும் இருக்கிறது. ஒரு முறை தேய்த்துவிட்டால் திரும்ப வராது. வயதான ஆசாரி யாராவது முத்தியால்பேட்டையிலோ வில்லியனூரிலோ கிடைத்தால் பிரெஞ்சு பாலிஷ் போடுவாரா என்று கேளுங்கள். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, மெல்லிய பூச்சாகச் சுற்றிச் சுற்றித் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்க்கிற வேலை. அரக்கு ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளிலிருந்து வருகிறது. இந்தப் பாலிஷில் ஒரு சௌகரியம், எந்த இடம் கெட்டதோ அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். பியூ பூச்சு உரிந்தால் முழுவதையும் உரிக்க வேண்டும். ஆட்டம் கொடுக்கிற மூட்டுக்கு ஆணி அடிக்க விடாதீர்கள். பழைய வஜ்ஜிரப் பசை வெந்நீர்ச் சூட்டில் இளகும். பிரித்து, சுரண்டி, மறுபடி வஜ்ஜிரம் வைத்துக் கட்டினால் இன்னும் ஐம்பது வருடம் ஓடும். பித்தளைக் கைப்பிடியை மாட்டியபடியே புளி போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. புளி மரத்தில் இறங்கிக் கறை விடும். கழற்றித் தேய்க்கவும்.

நம் ஊருக்கு உரிய எதிரிகள் மூன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈரம், வருடம் முழுக்க உப்புக்காற்று, எந்நேரமும் கரையான். வெளிச்சுவரை ஒட்டிப் போடாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். கால்களின் கீழே கருங்கல் துண்டு வையுங்கள், கழுவிவிடுகிற தரை என்றால் கட்டாயம். மழைக்காலத்தில் கதவு இறுகினால் இழைப்புளியை எடுத்துவிடாதீர்கள். பொங்கல் வந்தால் தானாகத் தளரும், இழைத்த கதவோ கோடையில் இளித்துக்கொண்டு நிற்கும். அடியில் மாவுபோலப் புதுத்தூள் கொட்டியிருந்தால் மரவண்டு உயிரோடிருக்கிறது. துளைகளில் ஊசியால் மருந்து ஏற்றச் செய்யுங்கள். வேப்பிலை போடுவதெல்லாம் துணிப்பூச்சிக்குச் சரி, மரத்துக்குள் இருப்பதைத் தொடாது. வெயிலில் தூக்கிப் போடுவது அதைவிட மோசம், பலகை பிளந்துவிடும். இத்தனை சொல்கிறேனே என்று மலைக்க வேண்டாம். மரத்தூள் அழுத்திச் செய்த தொலைக்காட்சிப் பெட்டகம் இரண்டு மழைக்காலத்தில் ஊறி உப்பிப்போன பிறகு அதைச் சீரமைக்க வழியே கிடையாது. குப்பை வண்டிதான்.

எங்கள் வீட்டில் இருப்பது அவ்வளவு பழசில்லையே, அறுபதுகளில் அப்பா செய்தது, மேலே சன்மைக்கா ஒட்டியிருக்கிறது என்று சிலர் சொல்வீர்கள். அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சாமானின் கதையில் புதுச்சேரிக்கு இரண்டாவது அத்தியாயம் ஒன்று இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக்காக 1930களின் பிற்பகுதியில் கோல்கொண்டா விடுதி எழும்பியது. வடிவமைத்தவர் ஆன்டனின் ரேமண்ட். கட்டும் வேலையை உடனிருந்து பார்த்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகஷிமா என்கிற ஜப்பானிய வம்சாவளி அமெரிக்க இளைஞர். கட்டடக்கலை படித்து வந்த அவர் அந்த விடுதிக்காகத் தேக்கில் அறைச் சாமான்களையும் செய்தார். பிறகு அமெரிக்கா திரும்பி, போர்க்கால முகாமில் அடைபட்டு, வெளியே வந்து, பென்சில்வேனியாவில் பட்டறை வைத்து, அந்த நாட்டின் தலைசிறந்த மரச்சாமான் கலைஞர்களில் ஒருவரானார். அவர் பட்டறையின் தள்ளுகதவு வைத்த நீண்ட தாழ்ந்த அலமாரிகளை இன்று கிரெடென்சா என்று பெயர் போட்டு ஏலத்தில் விடுகிறார்கள். செதுக்கல் இல்லாத, கால் மெலிந்த, மரத்தின் ரேகையையே அழகாக விட்ட அந்த வடிவத்துக்கு ஐம்பதுகளில் டென்மார்க்கிலும் பெரிய மவுசு. அவர்களும் தேக்கில்தான் செய்தார்கள், அது அங்கே முளைக்காத மரம். உங்கள் அப்பா ஏதோ ஒரு பத்திரிகைப் படத்தை ஆசாரியிடம் காட்டி இதைப்போல ஒன்று என்று சொல்லியிருக்கலாம். சன்மைக்காவுக்குக் கீழே இருப்பது தேக்கா என்று கதவின் உள்ளோரத்தைப் பாருங்கள்.

இந்த ஊரில் பாரம்பரியப் பாதுகாப்பு என்றால் முகப்பைப் பாதுகாப்பது என்றே ஆகிவிட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். இன்டாக் அமைப்பு 1984 முதல் இங்கே செய்திருப்பது சின்ன வேலை இல்லை. வைசியாள் வீதியின் சீரமைப்புக்கு 2008இல் யுனெஸ்கோ விருதும் வந்தது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த கடற்கரைச் சாலையின் மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடத்தைக்கூட அதே முகத்தோடு திரும்ப எழுப்பிவிட்டார்கள். முகப்புக்குப் படம் இருக்கிறது, அளவு இருக்கிறது, கேட்க ஒரு அமைப்பு இருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்துச் சாமானுக்கு இவை ஒன்றும் கிடையாது. அதற்கு இருப்பது நீங்கள் மட்டும்.

ஆகவே பத்திரப்பதிவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அலமாரியைக் காலி செய்து, எல்லா இழுப்பறைகளையும் வெளியே எடுத்து, முன்னும் பின்னும் அடியும் படமெடுங்கள். நீளம், உயரம், ஆழம் அளந்து எழுதுங்கள். யார் வாங்கியது, எப்போது வந்தது என்று சித்தப்பா சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் போட்டு, யாருக்கு வேண்டும் என்று கேளுங்கள். ஒருவருக்கும் வேண்டாமென்றால் தாராளமாக விற்றுவிடுங்கள். அப்போதும் வீட்டை இடிக்க வருகிறவரின் மொத்தக் கணக்கில் சேர்த்துவிடாமல், தனியாக, இரண்டு பேரிடமாவது விலை கேட்டு விற்கவும்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டையிலிருந்து உங்களில் ஒருவர்